கிரீடத்துக்குத் தனி வண்டி

"ஒரு தொப்பி ஊர்வலம் போறதைப் பார்க்கவா விடிஞ்சதும் விடியாததுமா வந்து உட்கார்ந்திருக்கே? வீட்ல வேற வேலையே இல்லையாம்மா உனக்கு?"

கேட்டவர் ரோலண்ட். எழுபதைத் தொட்டிருப்பார். கையில் 'எங்களுக்கு ராஜா வேண்டாம்' என்று எழுதிய மஞ்சள் அட்டை.

கேட்கப்பட்டவள் மேவிஸ். அவளுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். மடக்கு நாற்காலி, பிளாஸ்க், கையில் சின்னதாக ஒரு கொடி.

லண்டனில் அன்று பார்லிமெண்ட் திறப்பு விழா. ராஜா குதிரை வண்டியில் வந்து கூட்டத்தைத் தொடங்கி வைப்பார். சாலையோரம் முழுக்க இரும்புத் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் ஜனம்.

"அது தொப்பி இல்லை, கிரீடம். மரியாதையா பேசு" என்றாள் மேவிஸ்.

"கிரீடமோ கிண்ணமோ! ராஜாவுக்கு முன்னாடி அது மட்டும் தனி வண்டியில வருதே, அது எந்த ஊர் நியாயம்? எங்க தெருவுக்கு வந்துக்கிட்டிருந்த பஸ்ஸை நிறுத்திட்டான். தொப்பிக்குக் குதிரை வண்டி!"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"உன் வாய்க்கு பஸ் வேற கேக்குதா? நடந்து போ."

"அடேயப்பா, மகாராணிக்குக் கோபத்தைப் பாரு! அந்த வண்டிக்கு நீ கொடி ஆட்டுவியே, உள்ளேயிருந்து தொப்பி உனக்குக் கை ஆட்டுமா? போன தடவையும் ஆட்டலை. அதுக்கு முந்தின தடவையும் ஆட்டலை. ரோஷம் வேண்டாம் மனுஷிக்கு?"

மேவிஸ் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினாள்.

பின்னால் நின்ற ஜெம்மாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. ஆபீஸ் போகிற வழியில் வேடிக்கை பார்க்க நின்ற பெண் அவள்.

"பாவம், தனியா வந்திருக்காங்க. கேக்க ஆளில்லைன்னு இந்த ஆளு எவ்வளவு பேசறாரு பாருங்க!" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டு, நேரே போய் ஒரு போலீஸ்காரரைக் கூட்டி வந்தாள்.

"சார், எதிர்ப்பு தெரிவிக்கிறவங்களுக்கு அந்தக் கோடியில இடம் விட்டிருக்கோம். அங்கே போய் எவ்வளவு வேணும்னாலும் கத்துங்க."

"நான் எப்பவும் இங்கேதான்ப்பா நிப்பேன்."

"புகார் வந்திருக்கு சார். நகருங்க."

ரோலண்ட் திரும்பி மேவிஸைப் பார்த்தார். "நீயா சொன்னே?"

"நான் ஒண்ணும் சொல்லலை!" என்று பதறினாள் மேவிஸ். அதைச் சொல்லி முடிப்பதற்குள் போலீஸ்காரர் அவரைத் தள்ளாத குறையாக அழைத்துப் போய்விட்டார். கூட்டம் கைதட்டியது.

ஜெம்மா குனிந்து அவள் தோளைத் தொட்டாள். "இனிமே நிம்மதியா பாருங்கம்மா. ஒரு தொந்தரவும் இல்லை."

மேவிஸ் எழுந்து நாற்காலியை மடக்கினாள்.

"எங்கேம்மா கிளம்பிட்டீங்க? குதிரைச் சத்தம் கேக்குது. இப்போ எழுந்தா இடம் போயிடும்!"

"போகட்டும்."

"அந்த ஆளு பேசினதை மனசுல வெச்சுக்கிட்டா..."

"என் வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் என்கிட்ட யாரு பேசறா சொல்லு?" என்றாள் மேவிஸ். "கடையில பில் போடற பொண்ணு ஒருத்தி ரெண்டு வார்த்தை பேசுவா. அவளையும் எடுத்துட்டு மெஷினை வெச்சுட்டாங்க. திறப்பு விழாவுக்குத் திறப்பு விழா இந்த மனுஷன்தான் என்னைத் தேடி வந்து பக்கத்துல நின்னு வம்பு இழுப்பாரு. சில வருஷம் விழாவே இருக்காது. அப்போ அதுவும் இல்லை."

"அதுக்காக இப்படித் திட்டறதா?"

"போன தடவை நல்ல மழை. அந்த அட்டையை என் தலைக்கு மேலே பிடிச்சுக்கிட்டேதான் திட்டினாரு. அவரு முழுக்க நனைஞ்சுட்டாரு."

மேவிஸ் கொடியை ஜெம்மாவின் கையில் திணித்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தாள். முதுகுக்குப் பின்னால் வண்டி வந்துவிட்டது. ஜனம் ஆர்ப்பரித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கோடியில், தடுப்புக்குள் மஞ்சள் அட்டைக்காரர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். ரோலண்ட் மட்டும் அட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு சும்மா நின்றார்.

தடுப்பின் வாசலில் இருந்த போலீஸ்காரர் கையை நீட்டி மேவிஸை மறித்தார்.

"இது ராஜா வேண்டாம்னு சொல்றவங்க நிக்கிற இடம்மா. நீங்க அந்தப் பக்கம்தானே இருந்தீங்க?"

மேவிஸ் மூச்சு வாங்கியபடி கேட்டாள்:

"உள்ளே விடணும்னா நான் என்னன்னு கத்தணும், தம்பி?"