ரயில் பாதையைப் பார்த்த ஜன்னல்

"அக்கா, மக்கா இருக்கிற திசையே இல்ல இது," என்றான் என் தம்பி அத்லான். கைபேசியைக் கம்பளத்தின்மேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

பாட்டியை அடக்கம் செய்து மூன்றாம் நாள். முற்றத்துப் பெஞ்சுகளில் ஆண்கள், உள்ளே பெண்கள். பிற்பகல் தொழுகைக்கு இடம் தேடி வந்தவனுக்கு ஜன்னலோரக் கம்பளத்தைக் காட்டியது நான்தான். பாட்டி நின்ற இடத்திலேயே நில்லுடா என்று.

அறிவு தெரிந்த நாளிலிருந்து அவளை அங்கேதான் பார்த்திருக்கிறேன். விடிந்தும் விடியாத நேரத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, கை கட்டி, உதடு அசைய நிற்பாள். நாங்கள் வாசலில் எட்டிப் பார்த்தால் அத்தை வந்து விரட்டிவிடுவாள்.

"இது வடக்கு. ரயில் பாதையப் பாத்துத் தொழுதிருக்காங்க, இத்தன வருஷமா."

"ஐயோ, அப்ப அவ்வளவும் வீணாப்போச்சா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, வாயில் ரொட்டியோடு.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது.

வெளிநாட்டில் இரண்டு வருடம் ஓதிவிட்டு வந்தவன். தாடி இன்னும் ஒழுங்காகச் சேரவில்லை. முந்தாநாள் பாட்டியின் ஜனாஸாத் தொழுகையை நடத்தியவனும் இவன்தான். இறந்தவர்களுக்காக, குனியாமல், நெற்றியைத் தரையில் வைக்காமல், நின்றபடியே முடிந்துபோகிற தொழுகை. அதற்குக்கூடப் பெண்களுக்கு இடமில்லை என்றார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இவன் கணக்குப் பார்க்கிறானாம், தபாரிக் பாட்டியின் தொழுகையை!

தொழுதால் வேலை போய்விடும் என்ற காலத்தில் பீட்ரூட் வயலின் ஈர மண்ணில் நெற்றியை வைத்தவள் அவள். சாகும்போதும் நெற்றியில் அந்தக் காய்ப்பு இருந்தது. குளிப்பாட்டும்போது நான் தொட்டுப் பார்த்தேன்.

ஒன்பது வயதில், செச்சென் ஜனங்களையெல்லாம் அரசாங்கம் மலையிலிருந்து வாரிக்கொண்டு வந்தபோது, மாடு ஏற்றும் ரயில் பெட்டியில் இந்தக் கசாக் வெளிக்கு வந்தவள். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அவளுடைய அம்மா பெட்டிக்குள்ளேயே செத்துப்போனாள். வளைவில் வண்டி வேகம் குறைந்தபோது சிப்பாய்கள் காலைப் பிடித்து இழுத்துப் பனியில் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். குளிப்பாட்டவில்லை. மேலே போர்த்த ஒரு துணியில்லை. வண்டி போய்க்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகும் படைத்தவனோடு கோபித்துக்கொள்ளாதவள் அவள். திசை சரியில்லையாம், திசை!

"வெளிய பெரியவங்க இருக்காங்க. இதுக்கு என்ன பரிகாரம்னு ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடறேன்," என்று அவன் எழுந்தான்.

நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"முற்றத்துல போய் வாயத் தொறந்த, பல்லு இருக்காது. உன் பாட்டி பேரு இன்னிக்கு அந்தப் பெஞ்சுல உருளணுமா?"

"அக்கா, அவங்க நல்லதுக்குத்தான்..."

"அவங்க நல்லத அவங்க பாத்துக்கிட்டாங்க. நீ உன் போனப் பாரு."

சத்தம் கேட்டு அத்தை யாஹிதா இறைச்சித் தட்டோடு வந்தாள். பாட்டியைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மகள். விஷயத்தைச் சொன்னதும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்கம்மா இங்க தொழுதாங்கன்னு எவன் சொன்னான்?"

தட்டைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலுக்கு அந்தப் பக்கம் சுருட்டி வைத்திருந்த தொழுகை விரிப்பை எடுத்து உதறினாள். நெற்றி படுகிற இடத்திலும் முழங்கால் படுகிற இடத்திலும் அது நைந்து நூலாகியிருந்தது.

"அஞ்சு வேளையும் இதுலதான். திசையெல்லாம் உங்க தாத்தா அப்பவே சுவத்துல ஆணி அடிச்சு வச்சுட்டுப் போனாரு."

"அப்ப இங்க?" என்றான் அத்லான்.

"இங்க சும்மா நிப்பாங்க. காலையில கொஞ்ச நேரம். அந்தத் தண்ணித் தொட்டிக்கு அப்பால பாதை வளையுதுல்ல, அதப் பாத்துக்கிட்டு. ஏம்மான்னா பேச மாட்டாங்க."

ரயில் கரி வீட்டுக்குள் வரும் என்று ஊரே அந்தப் பக்கத்தைச் சுவராக விட்டிருந்தது. பாட்டி மட்டும் தாத்தாவோடு சண்டை போட்டு அங்கே ஜன்னல் வைத்தாள். சொந்த மலைக்குத் திரும்பலாம் என்று உத்தரவு வந்து எல்லோரும் மூட்டை கட்டியபோதும் அவள் கிளம்பவில்லை. பிடிவாதக்காரி என்று சிரித்திருக்கிறோம்.

அத்லான் குனிந்து கம்பளத்தைத் தடவினான். நானும் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

இரண்டு பாதங்களின் அளவுக்குத் தேய்ந்து தரை தெரிந்தது. அதற்கு முன்னால், நெற்றி பட வேண்டிய இடத்தில், கம்பளத்தின் ஆட்டுக்கொம்புச் சித்திரம் நேற்றுப் போட்டதுபோல் அப்படியே இருந்தது. முழங்கால் தடமும் இல்லை.

அவன் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தான். வளைவில் ஒரு சரக்கு வண்டி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

என் கோபத்தை இறக்கிவைக்க ஆள் இல்லை. அந்தச் சிப்பாய்களின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

அத்லான் கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டான். செருப்பில்லாத காலை அந்தத் தேய்ந்த இடங்களில் ஒவ்வொன்றாக வைத்தான். ரயில் பாதையைப் பார்த்துக் கை கட்டினான்.

நான் வாசலை விட்டு வந்து அவனுக்குப் பின்னால் நின்றேன். அத்தையும் வந்தாள். போ என்று யாரும் எங்களை விரட்டவில்லை.

முடிகிறவரை அவன் குனியவே இல்லை.