ஐந்தாவது நகம்

அரக்குப் பேழையின் மூடியில் வென்ஷூ செதுக்கியிருந்த டிராகனுக்குக் காலுக்கு ஐந்து நகங்கள். ஐந்து நகம் பேரரசருக்கு மட்டுமே உரியது. வேறொருவர் வீட்டில் இருந்தால் தலை தப்பாது.

காலையில் அரண்மனை அதிகாரி தனியாக வந்து, “பேரரசர் இதைச் சேனாபதிக்குப் பரிசாக் கொடுக்கப் போறார். காலுக்கு ஒரு நகத்தை எடுத்துடு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு வருடம் பூச்சின்மேல் பூச்சாக ஏற்றிய சிவப்பு அரக்கு அது. உளி மயிரிழை அதிகமாக இறங்கினாலும் அடியிலுள்ள கறுப்பு தெரிந்துவிடும். வென்ஷூ மூச்சை அடக்கி நகங்களைச் சீவி, அந்த இடங்களில் மேகச் சுருள்களை இழைத்தான்.

வேலை முடிந்த நேரத்தில் மனைவி மெய்லான் தெருவிலிருந்து ஓடிவந்து கதவைத் தாழிட்டாள்.

“பேரரசரைக் கொன்னுட்டாங்க. இனிமே சேனாபதிதான் பேரரசராம்.”

வென்ஷூ பேழையின் மூடியைப் பார்த்தான். புதிய பேரரசருக்கு நான்கு நகமா? சீவியதை இனி ஒட்டவும் முடியாது.

“உடைச்சுடுங்க. கைதவறி விழுந்துட்டதாச் சொல்லலாம்” என்றாள் அவள்.

அவன் பேழையைத் தூக்குவதற்குள் கதவு தட்டப்பட்டது. மெய்லானை இழுத்து, அரக்குச் சாடிகளுக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டுத் திறந்தான். அதே அதிகாரி. மூடியைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. கதவை மெல்லச் சாத்தினார்.

“நகத்தை எடுக்கச் சொன்னது நான்தான்னு யாருக்கெல்லாம் தெரியும்?”

அவருடைய வலது கை அங்கிக்குள் போயிருந்தது. வென்ஷூ சாடிகளின் பக்கம் திரும்பாமல் இருக்கப் பாடுபட்டான்.

“எனக்கு மட்டுந்தாங்க” என்றான். “பொண்டாட்டி ஊருக்குப் போய் ஒரு மாசமாச்சு.”