சர்க்கரை இல்லாத பானை

"சர்க்கரை எங்கே, காசில்டா?"

ஹெர்லிண்டா கேட்ட தொனியிலேயே சமையல் கூடாரத்தில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

காசில்டா நிமிரவில்லை. பானைப் பாலில் சியா விதையைத் தூவி, அடியோடு கிளறிக்கொண்டிருந்தாள்.

"சந்தையில குடுத்துட்டேன். பதிலுக்கு ஆரஞ்சும் சியாவும் வாங்கினேன்."

"மூணு மூட்டையையுமா?"

"மூணையும்தான்."

மெக்சிகோவின் தெவாக்கான் நகரில் அந்தத் தையல் ஆலையின் கேட்டில் வேலைநிறுத்தத்தின் சிவப்பு-கறுப்புக் கொடி கட்டி இருபத்திரண்டு நாள் ஆகிவிட்டது. விடிகிற நேரம் பார்த்துத்தான் முதலாளி லாரி அனுப்பி இயந்திரங்களைத் தூக்கப் பார்ப்பான். அப்போது எண்பது பேரும் கேட்டில் நிற்க வேண்டும். அடுப்பு மூட்ட ஆள் கிடையாது. அதனால் காலைச் சாப்பாடு முந்தின சாயங்காலமே தயாராகும்.

சியா ஊறி விடிவதற்குள் களி மாதிரி கெட்டியாகிவிடும். அதில் அம்மியில் அரைத்த கொக்கோ, பட்டை, துருவிய ஆரஞ்சுத் தோல். ஆளுக்கு ஒரு கிண்ணம் தின்றால் மதியம் வரை பசிக்காது.

ஆனால் இரண்டு வாரமாக அதில் ஒரு துளி இனிப்பு இல்லை.

"பார்க்கறதுக்குத் தவளை முட்டை. அது போதாதுன்னு கசப்பு வேற" என்றான் ஃபிலெமோன். கூட்டம் சிரித்தது.

ஹெர்லிண்டா சிரிக்கவில்லை. பத்தொன்பது வருடம் தையல் இயந்திரத்தில் குனிந்தவள். இரண்டு முறை வேலையை விட்டுத் துரத்தப்பட்டவள். துரோகம் எந்த வாசல் வழியாக நுழையும் என்று அவளுக்குத் தெரியும்.

"சந்தைப் பொம்பளைங்க போராட்டத்துக்குன்னு குடுத்த சர்க்கரை அது. மாத்திக்க உனக்கு யாரு அதிகாரம் குடுத்தது?"

"உடம்புக்கு நல்லதும்மா."

"உடம்புக்கு நல்லதுன்னு மேனேஜர்தான் சொல்லுவான், சாப்பாட்டைக் குறைக்கும்போது! ஆயுசு பூரா கசப்பையே குடிச்ச ஜனம், காசில்டா. காலையில ஒரு வாய் இனிப்பு கூடவா ஆகாது? காரணம் என்னன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

அந்தப் பதிலில் பயமே இல்லை. அதுதான் ஹெர்லிண்டாவை இன்னும் சுட்டது. நாலு பேரைக் கேட்காமல் ஒருவர் முடிவெடுத்தால் அதற்குப் பெயர் முதலாளித்தனம். அதை அடுப்படியில் செய்தாலும் அதுதான் பெயர்.

"அப்ப ஓட்டுக்கு விடறேன். இவளைச் சமையல்லேருந்து எடுக்கணும்னு சொல்றவங்க கை தூக்குங்க."

கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. நேற்று வரை "அக்கா, இன்னொரு கரண்டி" என்று கிண்ணம் நீட்டிய கைகள்.

காசில்டா எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தாள். ஏப்ரனை அவிழ்த்துக் கரண்டியை ஹெர்லிண்டாவிடம் நீட்டினாள்.

"கால் மணி கழிச்சு இன்னொரு தடவை கிளறு. இல்லாட்டி கட்டி தட்டிடும். தோல் துருவும்போது வெள்ளைப் பகுதி வேண்டாம், கசக்கும்."

"கசப்பைப் பத்தி யார் பேசறது பாரு!" என்றான் ஃபிலெமோன்.

"ஆரஞ்சுச் சாறு காலையிலதான் ஊத்தணும். இப்பவே ஊத்தினா பால் திரிஞ்சுடும்."

அதற்குள் யாரோ கடைக்கு ஓடிப்போய் இரண்டு கிலோ சர்க்கரை வாங்கி வந்திருந்தார்கள். ஹெர்லிண்டா பொட்டலத்தைக் கிழித்தாள். கைதட்டல் எழுந்தது.

ஒருவர் மட்டும் கைதட்டவில்லை. ஓட்டுக்கும் கை தூக்கவில்லை. தலைவர் நிக்கானோர். முந்தைய போராட்டத்தின் தலைவன் மேனேஜர் அறையில் தனித் தட்டில் விருந்து தின்றே விலைபோனவன். அதனால் நிக்கானோர் முதல் நாளே சட்டம் போட்டுவிட்டார்: எல்லோருக்கும் ஒரே பானை, தலைவன் வரிசையில் கடைசி. அன்றிலிருந்து கிண்ணத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி தூக்கிப் பிடித்துத்தான் சாப்பிடுவார். கிழவன் நிக்கானோர் நோயில் படுத்தால் கொடி இறங்கிவிடும் என்று மேனேஜர் வெளிப்படையாகவே சொல்லித் திரிந்தான்.

"ஹெர்லிண்டா."

"சொல்லுங்க தோழரே."

"சர்க்கரை போடு. ஆனா அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு கிண்ணம் தனியா எடுத்து வச்சுடு."

கைதட்டல் நின்றது.

"தனிக் கிண்ணமா?" ஹெர்லிண்டாவின் குரல் இறங்கியது. "நீங்களா கேக்கறீங்க?"

"அண்ணே, வாயை மூடுங்க" என்றாள் காசில்டா. அவள் குரல் நடுங்கியது அப்போதுதான். "கேட்டுக்கு வெளியில கம்பெனி ஆளு நிக்கிறான். காதுல விழும்."

"விழட்டும்."

நிக்கானோர் சட்டைப் பையிலிருந்து இன்சுலின் ஊசியை எடுத்து, கிழிந்த பொட்டலத்தின் பக்கத்தில் வைத்தார்.

"எட்டாவது நாள் ரத்தத்துல சர்க்கரை ஏறி கக்கூஸ் பக்கத்துல மயங்கி விழுந்தேன். தூக்கி உட்கார வச்சவ இவதான். யார்கிட்டயும் சொல்லக் கூடாது, எனக்குத் தனிச் சாப்பாடும் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். மறுநாள் காலையிலேருந்துதான் உங்க யாருக்கும் சர்க்கரை இல்லாமப் போச்சு."