மூன்று முறை கூப்பிடவும்

“திங்கட்கிழமை காலையில விவாகரத்து கோர்ட் டியூட்டியக் கேட்டு வாங்கிக்கிட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்,” என்றார் நீதிபதி கிராண்டால். “மத்தவங்களுக்கெல்லாம் இதுன்னா உடனே வயித்து வலி வந்துடும். பேரு என்ன சொன்னீங்க, ஆபீசர்?”

மாவட்டப் போலீசான ஷெரீப் அலுவலகத்திலிருந்து அன்றுதான் வந்திருந்த காவலர் வாயைத் திறப்பதற்குள், சுவரில் இருந்த பெரிய திரை விழித்துக்கொண்டது.

திரையில் ராய்ஸ் பெட்டிகிரூ. மனைவியைத் தேடித் தேடிக் களைத்துப்போன கணவனின் முகம். முகத்துக்குப் பின்னால் ஏரி, ஏரியில் அவருடைய படகு. முழங்கால் வலியால் நேரில் வர இயலாது என்று எழுதிக் கொடுத்திருந்தார். படகு ஓட்டுவதற்கு அந்த முழங்கால் ஆட்சேபம் சொல்லவில்லை போலிருக்கிறது.

மேஜைமேல் இருந்த கேமரா நீதிபதியை மட்டுமே பார்த்தது. காவலர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவோரம் போய் நின்றார்.

நீதிபதி கோப்பைப் புரட்டினார். “மிஸ்டர் பெட்டிகிரூ, உங்க மனைவி ஓலீன் நாலு வருஷமா எங்க இருக்காங்கன்னே தெரியல. அதனால பேப்பர்ல அறிவிப்புக் கொடுத்துட்டு விவாகரத்து கேக்கறீங்க. இன்னிக்கும் அவங்க வரலைன்னா, ரெண்டு பேர் பேர்லயும் இருக்கற ஏரிக்கரை வீடு முழுசா உங்களுக்கு. சரிதானே?”

“வீடு கெடக்கு, யுவர் ஆனர். எனக்கு அவதான் முக்கியம்.”

“பேன்கேக் ஆறுது, கண்ணு!” என்று திரைக்குள் எங்கிருந்தோ ஒரு பெண் குரல் கேட்டது.

“டிவி,” என்றார் ராய்ஸ்.

“டிவியில இப்பெல்லாம் பேன்கேக் கூடத் தர்றாங்களா?” நீதிபதி அதற்குமேல் கேட்கவில்லை. “சத்தியம் பண்ணியிருக்கீங்க, ஞாபகம் இருக்கட்டும். எங்கெல்லாம் தேடினீங்க?”

“தேடாத இடம் இல்ல. முதல்ல ஜெயில்லதான் விசாரிச்சேன். அவ வாய்க்கு வேற எங்க இருக்கப் போறா? அப்புறம் ஆஸ்பத்திரி. அவ அக்கா வீட்டுக்குப் போனேன், மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்திட்டா. அக்கம்பக்கத்து மாவட்டத்துல எல்லாம் விவாகரத்துப் பதிவுகளைக் கூடப் பார்த்துட்டேன்.”

“அது எதுக்கு?”

“அவ என்னை முந்திக்கிட்டாளோன்னு.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உருக்கமான தேடல். போலீஸ்ல சொன்னீங்களா?”

“போலீஸ், கோர்ட்டுன்னாலே அவளுக்குக் கை உதறும், யுவர் ஆனர். அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டா. போகும்போது என்னமோ பயிற்சின்னு சொல்லிட்டுப் போனா. ஒழுங்கா ஒரு முட்டை பொரிக்கத் தெரியாது, அவளுக்கு எவன் பயிற்சி குடுக்கப் போறான்?”

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். கோர்ட்டில் வேறு யாரும் சிரிக்கவில்லை. கதவோரத்தில் மட்டும் ஒரு பூட்ஸ் லேசாகக் கிறீச்சிட்டது.

“அறிவிப்பு ‘வாரக்குரல்’ல போட்டிருக்கீங்க. ஊரே படிக்கற பெரிய பேப்பர் இருக்கறப்ப, இதை எங்க தேடிப் பிடிச்சீங்க? மனைவியைவிட இதைத் தேடறதுதான் கஷ்டமா இருந்திருக்கும்.”

“எந்தப் பேப்பர்னு சட்டத்துல சொல்லலையே!”

“சொல்லல. இதுல என்ன வரும்?”

“மாட்டுச் சந்தை விலை வரும். ஷெரீப் ஆபீஸ் ஏல நோட்டீஸ் வரும். அவ்வளவுதான்.”

“யார் படிப்பாங்க?”

“மாடு வாங்கறவன் படிப்பான். நோட்டீஸ் சரியா வந்திருக்கான்னு ஷெரீப் ஆபீஸ்காரங்க பார்ப்பாங்க. அதுக்கு நான் என்ன பண்றது?”

நீதிபதி அறிவிப்பு வந்த பக்கத்தை இன்னொரு முறை பார்த்தார். பொய் என்று தோன்றுவதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. பேப்பரில் அறிவிப்பு வந்துவிட்டது. அதற்கு மேல் சட்டத்துக்கு ஒரே ஒரு சடங்குதான் பாக்கி.

வராதவரின் பெயரை வராந்தாவில் மூன்று முறை கூப்பிட வேண்டும். அந்தக் கோர்ட் கட்டிய நாளிலிருந்து நடக்கும் வழக்கம். இன்றுவரை ஒரு காணாமல்போன மனைவியும் அங்கே பதில் சொன்னதில்லை.

“ஆபீசர், வெளியில போய்க் கூப்பிடுங்க. முழுப் பேர் இதுல இருக்கு.” நீதிபதி ஒரு தாளை நீட்டினார்.

காவலர் தாளை வாங்கிக்கொள்ளாமலே வெளியே போனார். கனமான கதவு பின்னால் மூடிக்கொண்டது.

“ஓலீன் மே பெட்டிகிரூ!” வராந்தாவின் கல்தரையில் பட்டு எதிரொலித்தது. மெலிதாகத்தான் உள்ளே கேட்டது. திரைவரை அதுவும் போகவில்லை.

“யுவர் ஆனர்,” ராய்ஸ் காபியை உறிஞ்சினார். “இன்னிக்கே வீட்டை என் பேருக்கு மாத்திக்கலாமா? இல்ல, நாளைக்குத்தானா?”

“இன்னும் ரெண்டு தரம் கூப்பிடணும். அதுவரைக்கும் துக்கமா இருங்க.”

இரண்டாவது முறை. மூன்றாவது முறை கூப்பிடுவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அதைவிட அதிகமாகவே காவலர் எடுத்துக்கொண்டதாக நீதிபதிக்குத் தோன்றியது.

மூன்றாவது முறையும் ஒலித்து அடங்கியது. கதவு திறந்தது.

காவலர் தன் இடத்துக்குப் போகவில்லை. நேராக நடந்து, பிரதிவாதிக்கென்று போட்டு வைத்திருந்த காலி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

நீதிபதியின் புருவம் உயர்ந்தது. “அது உங்க இடம் இல்ல, ஆபீசர். யாராவது பதில் சொன்னாங்களா, இல்லையா?”

திரையில் ராய்ஸின் காபிக் கோப்பை உதட்டுக்குப் போகும் வழியில் இருந்தது.

“முதல் தடவை கூப்பிட்டப்பவே வந்துட்டேன், யுவர் ஆனர்.”