கிணற்றில் கிடந்த காற்று

அன்று கிணற்றடியில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் தம்பி சடையாண்டி, எங்கள் வீட்டுப் பெண்ணைத் தன் மகனுக்குக் கேட்டு வந்த சாணார்பட்டி பெருமாள்சாமி, எங்கள் வளவு வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்த சயின்ஸ் வாத்தியார் இஞ்ஞாசி. ஐந்தாவது ஆள் யாரும் இல்லை.

1961, பங்குனி. உச்சிப் பொழுது.

"ஊத்து இருக்கு, ஊத்து இருக்குங்கிறீக. கண்ணுல காட்டுங்க, அப்புறம் தட்டு மாத்துவோம்" என்றார் பெருமாள்சாமி.

என் தகப்பனார் பாறையை உடைத்து வெட்டிய கிணறு அது. ஒன்பது வருடமாகப் பனஞ்சட்டம் போட்டு மூடிக் கிடந்தது. சட்டங்களை அப்போதுதான் விலக்கியிருந்தோம்.

சடையாண்டி வேட்டியை மடித்துக் கட்டி, கமலை இறைக்கும் வடக்கயிற்றைக் கையில் எடுத்தான்.

இஞ்ஞாசி குறுக்கே வந்தார். "அய்யா, மொதல்ல ஒரு லாந்தர இறக்கிப் பாருங்க. பூமி பொறந்தப்ப இருந்த காத்துல வெளக்கு எரியாது, உசுரு நிக்காது. பாசி மூச்சு விட்டு விட்டு, கோடிக்கணக்கான வருசத்துல அத மாத்துச்சு. மூடிக் கெடந்த குழில அந்த மாதிரிக் காத்துதான் தங்கும்."

"அப்ப இவுக வம்சமே பாசி விட்ட மூச்சுலதான் பொழைக்குதாக்கும்?"

சொல்லிவிட்டுப் பெருமாள்சாமி சிரித்தார்.

பெண் கேட்டு வந்தவன் முன்னால் எங்கள் வீட்டு விளக்கு அணைவதா? அதற்குமேல் ஒரு அபசகுனம் உண்டா?

"வாத்தியாரே, ஒம்ம பாடத்தப் பள்ளிக்கூடத்துல வச்சுக்கிரும். எங்க அய்யா கெணத்துல கெட்ட காத்து கெடையாது" என்றேன்.

இஞ்ஞாசி சடையாண்டியின் தோளைப் பிடித்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன்.

சடையாண்டி என்னைப் பார்த்தான். "செத்த நேரம்ணே. ஊத்துக்கண்ணக் காட்டிட்டு வாரேன்."

இறங்கினான். நான் பெருமாள்சாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாதி ஆழத்தில் வடம் இலேசானது. கீழே ஏதோ விழுந்த சத்தம். கூப்பிட்டதற்குப் பதில் இல்லை.

இஞ்ஞாசி கிணற்றடிக் குடிசைக்குள் ஓடி லாந்தரை ஏற்றி வந்து இறக்கினார். இருபதடியில் அணைந்தது. வேப்பங்குழையைக் கயிற்றில் கட்டி, ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, உள்ளே கிடந்த காற்றைக் கலக்கினார். அவர் அழுதார் என்பதும் உண்மைதான்.

ஊரில் ஒரு பேச்சு உண்டு. அன்றோடு பெருமாள்சாமி சம்பந்தத்தை முறித்துக்கொண்டு போனார் என்று.

பொய். தை பிறந்ததும் கல்யாணம் நடந்தது. சடையாண்டியின் மகளை நான்தான் தாரை வார்த்துக் கொடுத்தேன்.