நூறு விதை கடித்த எறும்பு

ஒரே ஒரு மழை மிச்சமிருந்த மேகம், விதைத்த நிலத்தின் மேல் அரைத்தூக்கத்தில் மிதந்து வந்து தயங்கி நின்றது. பாதி விதைகளாவது உயிரோடு இருந்தால்தான் பெய்வதாக அதற்கு எண்ணம்.

கீழிருந்து எறும்பு சொன்னது: "அங்கொண்ணும் இங்கொண்ணுமா நூறு விதையைக் கடிச்சுப் பார்த்தேன். அறுபதுல உயிர் இருந்துச்சு."

"அப்போ நிலம் முழுக்க நூத்துக்கு அறுபதா?"

"அப்படி அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஐம்பதுக்கும் எழுபதுக்கும் நடுவுல இருக்கும். எப்பவாவது அதுவும் தப்பாப் போகலாம்."

"மழுப்பாதே. எனக்குச் சரியான கணக்கு வேணும்."

"தரேன். ஒரு விதை விடாம எல்லாத்தையும் கடிக்கணும். கடிச்ச விதை முளைக்காது. அப்புறம் நீங்க எதுக்குப் பெய்வீங்க?"

மேகம் நிலத்தை நோக்கித் தாழ இறங்கியது. பிறகு எறும்பின் முதுகில் முதல் துளி விழுந்தது.