கண்ணை மூடித் தட்டும் டாக்டர்

அணிலுக்கு முன்பல்லில் வலி. மரங்கொத்தி டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு, அலகால் பல்லை டொக் டொக்கென்று தட்டிக் கேட்டார்.

“சொத்தை. பிடுங்கிடணும்.”

“பிடுங்கிட்டா கொட்டையை எப்படி டாக்டர் கடிக்கிறது? எதுக்கும் குரங்கு டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்திடறேனே.”

“அப்போ என் மேல நம்பிக்கை இல்ல! ஊர்ப் பல்லெல்லாம் தட்டின அலகும்மா இது. வாயைத் திற.”

அணிலுக்குச் சங்கடமாகிவிட்டது. மரியாதைக்காக வாயைத் திறக்கப் போனவள், சட்டென்று மூடிக்கொண்டாள். காலடியில் கிடந்த வெள்ளைக் கூழாங்கல்லை எடுத்தாள்.

“முதல்ல எங்க வீட்டுக்காரர் பல்லைப் பார்த்துடுங்க டாக்டர்.”

டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கண்ணை மூடி, அவள் நீட்டிய கல்லைத் தட்டினார்.

“அடடா, இது இன்னும் மோசம். உடனே பிடுங்கணும்.”

“நீங்க பிடுங்கிட்டு இருங்க” என்று கல்லை அவர் முன்னால் வைத்துவிட்டு, அணில் குரங்கின் மரத்துக்குத் தாவினாள்.